சாகாத வாத்துகள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

“புது டிவில சுட்டா ஒரு வாத்துகூட சாவ மாட்டேங்குது,” என்றார் அவர். “அந்தப் பழைய வீடியோ கேம் துப்பாக்கி தட்டை டிவில வேல செய்யாது, பழைய டப்பா டிவிதான் சரி. ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், வாங்கிடட்டுமா?”

“எங்க வைப்பீங்க?”

“உன் தையல் மெஷின உள்ள தள்ளிட்டா எடம் வந்துடும்.”

ஜன்னலில் மலை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது டிவிலயே போடுங்க. பெருசா, நீலமா வானம் தெரியும். வாத்துங்க அதுங்க பாட்டுக்குப் பறக்கட்டும். நான் தச்சிக்கினே பாப்பேன்.”

“சுடலன்னா ஆட்டம் முடிஞ்சுடுமே.”

“முடிஞ்சா திரும்பப் போடுங்க. அந்தத் துப்பாக்கிய மட்டும் உள்ள எடுத்து வெச்சுடுங்க.”