எல்லாரும் ஏறியாச்சா?

— திருப்புங்க! படகைத் திருப்புங்கன்னா காதுல விழலையா உங்களுக்கு? என் தம்பி அந்தத் தீவுலயே நின்னுபோயிட்டான்!

— மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சுக்கானைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஆள் விட்டுப்போச்சுன்னு எனக்கே நீங்க சொல்லித்தான் தெரியுது.

— நான் சொல்லித்தான் தெரியணுமா? கேப்டன்னு தோள்ல பட்டை குத்திக்கிட்டா ஆச்சா? கூட்டிட்டு வந்த ஆளை எண்ணத் தெரியாது?

— எண்ணினோம் மேடம். என் ஆள் ஒவ்வொரு தலையா எண்ணினார். ஒரு தலை குறைஞ்சுது. உங்க குடும்பத்துலதான் கேட்டார். "கீழ ரூம்ல தூங்குறார்"னு பதில் வந்துது. வலது பக்க ரூம் கதவும் சாத்தியிருந்துது. திறந்து பார்த்திருக்கணும். பார்க்கலை. அது எங்க தப்பு, ஒத்துக்கிறேன்.

— எங்க குடும்பத்துலயா? நல்லாயிருக்கே! நான் இடது பக்க ரூம்ல குடலே வெளியில வர்ற மாதிரி வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்தேன். கேட்டமரான்னா ரெண்டு கால் வச்ச படகு, ஆடவே ஆடாதுன்னு சொல்லித்தானே ஏத்துனீங்க? ஊஞ்சல்கூட இவ்வளவு ஆடாது. இப்பத்தான் தலையைத் தூக்கி வலது பக்கம் போய்ப் பார்க்கிறேன், கட்டில் காலியா கிடக்கு!

— அப்ப பதில் சொன்னது யாருன்னு நீங்களே விசாரிச்சுக்கங்க. அதோ, உங்க தம்பி சம்சாரமே வர்றாங்க.

— ஏம்மா, இங்க வா. உன் புருஷன் எங்க?

— தீவுல, அண்ணி.

— தீவுலன்னு கடைக்குப் போயிருக்கிற மாதிரி சொல்ற! அவன் ஏறலைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சே பேசாம வந்தியா? தூங்குறார்னு பொய் சொன்னது நீதானா?

— நான் வாயைத் திறந்திருந்தா படகு நின்னிருக்கும். திறக்கலை. எப்படி வேணா வச்சுக்கங்க.

— கேட்டீங்களா கேப்டன்? எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! கட்டின புருஷனை நடுக்கடல்ல விட்டுட்டு வந்து நின்னு, எப்படி வேணா வச்சுக்கங்களாம். அவன் வெயில்ல வாடணுமா? குடிக்கத் தண்ணி இல்லாம தவிக்கணுமா?

— தண்ணிக்கென்ன அண்ணி, சுத்தியும் தண்ணிதான்.

— என்ன நக்கலா? அறைஞ்சேன்னா பாரு!

— அறைய வேண்டாம் மேடம். என் படகுல யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க. இந்தாம்மா, நீங்களும் கேட்டுக்கங்க. உங்க வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கங்க. ஆளை விட்டுட்டு வந்தேன்னு வெளியில தெரிஞ்சா நாளைக்கே என் லைசன்ஸைப் பிடுங்கிடுவாங்க. இந்தப் படகை நம்பி எத்தனை குடும்பம் சாப்பிடுது தெரியுமா? நான் திருப்பத்தான் போறேன்.

— திருப்பாதீங்க.

— என்னங்க நீங்க!

— திருப்பினீங்கன்னா அவர் ஏறுற இடத்துல நானும் பாப்பாவும் இறங்கிக்குவோம். கையைக் காலைக் கட்டித்தான் எங்களை ஏத்தணும். அவரும் நாங்களும் இனிமே ஒரே படகுல வர மாட்டோம். அவ்வளவுதான், சொல்லி முடிச்சிட்டேன்.

— இருங்க, இருங்க. ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வாயை மூடுங்க. அந்தத் தீவுல இன்னொரு படகு நங்கூரம் போட்டிருந்துது. ரேடியோல கேட்கிறேன். இன்ஜினைக் குறைச்சிட்டேன், போதுமா மேடம்? படகு நகரலை. நீங்க நகருங்க, மைக்கை எடுக்கணும்.

— எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க. மானம் போகுது.

— பாக்கட்டும் அண்ணி. காலையில பாப்பா தண்ணியில துடிச்சப்பவும் இவங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க.

— துடிச்சாளா? என்ன சொல்ற? படியில வழுக்கி விழுந்துட்டா, தூக்கியாச்சுன்னு தம்பி வந்து சொன்னானே.

— அப்படியா சொன்னார்?

— ஆமா. சிரிச்சுக்கிட்டே சொன்னான். உன் பேத்தி மீன் மாதிரி குதிச்சுட்டா அக்கான்னு. எனக்கு அப்பவே தலை கிறுகிறுன்னு இருந்துது, சரி போடான்னு திரும்பிப் படுத்துட்டேன். பேத்தியாம், என்னைக் கிழவின்னு கிண்டல் பண்றான். மருமகளேன்னுதானே நான் அவளைக் கூப்பிடுவேன்.

— அவ வழுக்கலை, அண்ணி. அவர் தூக்கிப் போட்டார்.

— போடி. வாய்க்கு வந்ததைப் பேசாதே.

— உங்களுக்கே தெரியும். தலையில ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினாலே மூச்சுத் திணறுற பிள்ளை அவ. படகுக்கே வர மாட்டேன்னா. தண்ணியில இறக்க மாட்டேன்னு அப்பா சத்தியம் பண்ணினாத்தான் வருவேன்னா. அவ தலையில கையை வச்சு சத்தியம் பண்ணினார். உங்க முன்னாடிதான் பண்ணினார்.

— அது பண்ணினான். நான் இல்லைங்கலை.

— முதல் தீவுகிட்ட நிறுத்தினாங்கல்ல, எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கிட்டு மீன் பார்க்க இறங்கினாங்க. இவ பின்னாடி படியில உக்காந்து கால் கட்டைவிரலை மட்டும் தண்ணியில தொட்டுத் தொட்டு எடுத்துக்கிட்டிருந்தா. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். அவர் வந்தார். "வேர்க்குது பாரு, இந்தக் கோட்டைக் கழட்டுடா செல்லம்"னார். மிதவைக் கோட்டைத்தான் சொல்றேன். கொஞ்சிக் கொஞ்சிக் கழட்டினார். அவளும் கையைத் தூக்கிக் காட்டினா.

— காத்தாட விடலாம்னு கழட்டியிருப்பான்.

— அப்புறம் கையை ஒருத்தர், காலை ஒருத்தர். அவர் கையைப் பிடிச்சிக்கிட்டார், காலைப் பிடிக்கத் தொப்பி போட்ட ஒரு ஆளைக் கூப்பிட்டார். ஊஞ்சல் ஆட்டினாங்க. எல்லாரும் எண்ணுங்கன்னார். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினாங்க, அண்ணி. முன்ன பின்ன தெரியாத மனுஷங்க, என் பிள்ளை "அம்மா, அம்மா"ன்னு கத்துறா, அவங்க கைதட்டி எண்ணுறாங்க. மூணுன்னதும் விட்டாங்க.

— ஐயோ. நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?

— எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியாட்டியும் பரவாயில்லைன்னு ஓடினேன். அவர் என் கையைப் பிடிச்சு முறுக்கி நிறுத்திட்டார். "நீ போய்க் கெடுக்காதே, தானா மேல வருவா"ன்னார். இதோ பாருங்க. இது அவர் விரல்.

— இது... இவ்வளவு கன்னிப் போயிருக்கே.

— அவ மேல வரலை. ஒரு தடவை கை மட்டும் வந்துது. அப்புறம் அதுவும் வரலை.

— மேடம், ரேடியோ கிடைச்சுது. கவலைப்படாதீங்க, உங்க தம்பி பத்திரமா இருக்கார். அந்தப் படகுக்காரங்களோட கூடாரத்துல பாட்டிலும் கையுமா உக்காந்திருக்காராம். நாம கிளம்பினதே அவருக்கு இப்பத்தான் தெரியுமாம். அவங்களே ஏத்திக்கிட்டு வர்றாங்க. நாம திரும்பத் தேவையில்லை.

— கேப்டன், நீங்க சொல்லுங்க. இவ சொல்றது உண்மையா?

— எது மேடம்?

— காலையில நடந்தது. விளையாட்டுல நடந்ததா, இல்லை...

— என்னை ஏன் இழுக்கிறீங்க? சரி, கேட்டுட்டீங்க. நான் மேல தட்டுல கயிறு கட்டிக்கிட்டிருந்தேன். இவங்க போட்ட கூச்சல்லதான் திரும்பினேன். சட்டை, செருப்பு, இடுப்புல ரேடியோ எல்லாத்தோடயும் அப்படியே குதிச்சேன். கண்ணுக்குத் தெரியாத ஆழம் இல்லை, தெளிஞ்ச தண்ணிதான், அதனால பிழைச்சா. தூக்கிட்டு வந்து போட்டப்ப உதடெல்லாம் நீலம். குப்புறப் போட்டுத் தட்டித் தட்டி, தண்ணி வெளியில வந்து, அழுதா பாருங்க, அதுக்கப்புறம்தான் எனக்கே மூச்சு வந்துது.

— நீலமா? உதடா?

— ஆமா. உங்க தம்பியைச் சட்டையைப் பிடிச்சுக் கேட்டேன். "என் பிள்ளை, நான் தூக்கிப் போடுவேன், இறக்குவேன், படகு ஓட்டுறவன் படகை ஓட்டு"ன்னார். அப்பவே கரைக்குத் திருப்பியிருக்கணும். மத்தவங்க எல்லாம் நாள் பூரா சுத்தத்தானே வந்தோம்னு கூடிக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை மேடம். அவர் மேலயும்தான், என் மேலயும்தான்.

— நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவ. உதடு நீலமாகுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். கீழயே படுத்துக் கிடந்தேனே பாவி. ஏம்மா, என்னை வந்து எழுப்பக் கூடாதா?

— எழுப்பினா என்ன சொல்லியிருப்பீங்க?

— என்ன சொல்லியிருப்பேன்...

— சொல்லுங்க, அண்ணி. ஆம்பளைங்க அப்படித்தான் கத்துக் கொடுப்பாங்க, எங்கப்பாவும் அவனை அப்படித்தான் கிணத்துல தூக்கிப் போட்டார், செத்தா போயிட்டான்னு சொல்லியிருப்பீங்க. சைக்கிள் கத்துக் கொடுக்கிறேன்னு அவர் பிடியை விட்டு அவ பல் உடைஞ்சப்ப அதான் சொன்னீங்க. இருட்டுக்குப் பயப்படுறான்னு அவளை மாடியில வச்சுப் பூட்டினாரே, அப்பவும் அதான் சொன்னீங்க.

— போதும்.

— உங்க தம்பி நல்லாத்தான் வளர்ந்திருக்கார்னு நீங்க நினைக்கிறீங்க. நான் அவரோட குடித்தனம் பண்றவ.

— போதும்னேன். கேப்டன், அவன்கிட்ட நான் பேசணும். அந்த மைக்கைக் கொடுங்க.

— இந்தப் பொத்தானை அழுத்திக்கிட்டுப் பேசுங்க. விட்டாத்தான் அவர் பேசுறது கேக்கும்.

— தம்பி! அக்கா பேசுறேன்டா.

— அக்கா! என்ன, என் பொண்டாட்டி என்னை அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாளா? வேலையைக் காட்டிட்டா பார்த்தியா! இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க.

— நீ சிரிக்கிறதை நிறுத்திட்டு நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. பாப்பாவோட மிதவைக் கோட்டை நீதான் கழட்டினியா?

— அதுக்குள்ள ஒப்பாரி வச்சுட்டாளா உன்கிட்ட? அதைப் போட்டுக்கிட்டு எப்படிக்கா நீச்சல் வரும்? ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சாத்தான் பயம் தெளியும். அதுக்குள்ள அந்தக் கேப்டன் குதிச்சுக் கெடுத்துட்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீந்தியிருப்பா.

— இன்னும் கொஞ்சம் விட்டிருந்தாவா?

— ஆமாக்கா. திரும்பி வர்ற வழியில இன்னொரு தடவை போடலாம்னுதான் இருந்தேன். சரி, அவகிட்ட மைக்கைக் கொடு. கரைக்கு வந்து இருக்கு அவளுக்கு. அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்தே பயம் தெளிய வைக்கிறேன்.

— பாப்பா இப்ப எப்படி இருக்கான்னு கேட்டியாடா நீ?

— அவளுக்கென்ன? அழுகுணி. அக்கா, என் கூலிங்கிளாஸ் மேல தட்டுல கிடக்கும், எடுத்து வையேன்.

— இந்தாங்க கேப்டன். அணைச்சிடுங்க.

— அவர் இன்னும் பேசிக்கிட்டிருக்கார், மேடம்.

— அதான் அணைங்கன்னேன். அந்தப் படகு எப்ப கரைக்கு வரும்?

— அவங்களுக்கு இன்னும் ஒரு தீவு பாக்கி. பொழுது சாய்ஞ்சுதான் வருவாங்க. நீங்க அவருக்காகக் கரையில காத்திருக்கிறதுன்னா ஆபீஸ் ரூம்ல உக்காரலாம்.

— யாரும் காத்திருக்கலை. நீங்க இன்ஜினை முழுசா விடுங்க. எனக்கு வாந்தி வந்தா வரட்டும். ஏம்மா, கேளு. கரை இறங்கினதும் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வா. முதல்ல அவளை டாக்டர்கிட்ட காட்டணும். தண்ணி குடிச்ச பிள்ளைக்கு ராத்திரிதான் மூச்சு முட்டும். உன் வீட்டுப் பக்கமே போகாதே. துணிமணி நான் போய் எடுத்துக்கிறேன்.

— அவர் வந்து கதவைத் தட்டினா?

— தட்டட்டும். கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன். இவ்வளவு வருஷமா அவனுக்கு வக்காலத்து வாங்கினவளே கதவைச் சாத்தினா எப்படி இருக்கும்னு அவனும் பார்க்கட்டும். பாப்பா எங்க இப்ப?

— முன்னாடி, படகோட ரெண்டு காலுக்கும் நடுவுல கட்டியிருக்கிற வலைமேல குப்புறப் படுத்துக்கிட்டிருக்கா. நான் பக்கத்துல கூப்பிட்டும் வரலை. தண்ணியையே பார்க்கிறா.

— பார்க்கட்டும், விடு. ஆனா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு அது மனசுல முள்ளாக் குத்துது. நீ என்கிட்ட வந்திருக்கணும். கத்தியிருக்கணும். போலீஸ்னு சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருப்பேன். ஆளை எண்ண வந்தவன்கிட்ட தூங்குறார்னு வாய் கூசாம ஒரு பொய்யைச் சொல்லிட்டு வர்றது என்ன புத்தி? பக்கத்துல பிள்ளை நின்னிருக்குமே. அவ உன்னைப் பார்த்து என்னத்தைக் கத்துக்குவா?

— அந்த ஆள் எண்ண வந்தப்ப நான் பாத்ரூம்ல இருந்தேன், அண்ணி.

— அப்ப யார் சொன்னது?

— நான் வெளியில வந்தப்ப படகு நகர ஆரம்பிச்சிடுச்சு. பாப்பா ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா தூங்குறார்னு நான்தான்மா சொன்னேன், திரும்பிப் போகச் சொல்லிடாதே"ன்னா.