மருந்து பூசிய நூல்

தக்காளி வாங்கினால் எனக்குப் பாதி அழுகித்தான் போகிறது. மாரண்டஹள்ளிச் சந்தையில் ஒரு ஆளுக்கென்று நாலு பழம் பொறுக்கக் கூச்சமாக இருக்கும், அதனால் ஒரு கிலோவாக வாங்கிவிடுவேன்.

என் பெயர் ராஜாமணி, மேடம். இருபத்தாறு வருஷமாக நர்ஸ். கணவர் இறந்து பதினொரு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. எங்களுடையது சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் இளம்பரிதி ஆபரேஷன் செய்யும்போது ஊசியும் நூலும் எடுத்துக் கொடுப்பது நான். பிறகு கட்டு மாற்றுவதும் நான்தான்.

முன்பு சாதாரண நூலில்தான் தைப்போம். சிலருக்குப் புண் ஆறத் தாமதமாகும், தினமும் கட்டு மாற்ற வருவார்கள். குள்ளம்மாள் என்று ஒரு சர்க்கரை நோயாளி ஐம்பது நாள் வந்தார். "உங்க கை பட்டாத்தாங்க சிஸ்டர் எரிச்சலே அடங்குது" என்பார். இன்றைக்கு அவரிடம் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் மருந்து பூசிய நூலை வரவழைத்தார். கிருமி அண்டாது, தசை சீக்கிரம் கூடும். நல்ல நூல், குறை சொல்ல மாட்டேன். தையல் பிரிக்க ஒரு நாள் வந்தார்கள், நன்றி சொன்னார்கள், போய்விட்டார்கள். கட்டு மாற்றும் அறையில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க யாருமே என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை என்பது ஒரு சனிக்கிழமை உறைத்தது.

அலமாரியில் பழைய நூல் மிச்சமிருந்தது. முதலில் அதை மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். அதிலும் பலருக்கு ஆறிவிட்டது. ஆகவே, சீழ்ப் புண்ணைத் துடைத்த பஞ்சில் நூலை ஒரு இழுப்பு இழுத்து டாக்டர் கையில் கொடுத்தேன். எல்லோருக்கும் அப்படிச் செய்யவில்லை. பேச்சுக்கொடுத்தவர்களுக்கு மட்டும்தான்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் மாது என்பவர் ஒரு மாதம் வந்தார். "சீசன் நேரத்துல படுக்க வெச்சிருச்சுங்களே இந்தப் புண்ணு" என்று வருந்துவார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஆற்றுக் கதையெல்லாம் கேட்பேன். அவரைச் சேர்த்து எட்டுப் பேர். எட்டுப் பேரும் குணமானார்கள்.

ஒன்பதாவது கவிப்பிரியா. மொரப்பூர்ப் பெண், இருபத்து நான்கு வயது. கணவன் துபாயில். துணைக்கு அம்மா காவேரி மட்டும். சிசேரியனுக்குக் கூட்டிப்போகும்போது என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் உள்ளதான இருப்பீங்க?"

"இருப்பேன் கண்ணு."

"அப்பப் பயமில்லீங்க."

ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. தையல் விட்டது. இரண்டு வேளையும் நானே சுத்தம் செய்தேன், கஞ்சி ஊட்டினேன். ஒன்பதாம் நாள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் நானும் போனேன். வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை. அவ்வளவு நேரம் யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததில்லை, மேடம். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

டாக்டர் நூலைச் சந்தேகப்பட்டார், கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. "நூல்ல தப்பில்லீங்க சார்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து சுவரோரமாய்ப் போய் நின்றுகொண்டார். அதன்பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டார்.

கவிப்பிரியாவைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒரு உதவி மட்டும் வேண்டும். காவேரியம்மா அந்தப் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் தனியாக இருக்கிறார். நான் எப்போது வெளியே வருவேன் என்பதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.