பின்னறைக்கு எட்டாத ரவுட்டர்

— இது வேணாம் பதுர்தீன் நானா. இதவிட மட்டமா ஒன்னு காட்டுங்க.

— மட்டமாவா? தங்கச்சி, மாத்தளையில இருவது வருஷமா கட வச்சிருக்கேன். மட்டமான ரவுட்டர் குடுங்கன்னு வந்த முதல் ஆளு நீங்கதான், சரியா.

— அவ பேச்ச விடுங்க முதலாளி. அந்த மூனு கொம்பு வச்சத எடுங்க. அதுதானே தூரத்துக்குப் போகும்?

— சுவரு தாண்டிப் போகும் பழனிமுத்தண்ணே. உங்க அலுவிகார வீடு பழைய வீடு, சுவரு ரெண்டடி தடிப்பு இரிக்கி. முன்னுக்கு வச்சா பின்னறை வரைக்கும் சிக்னல் எடுக்க இதுதான் சரி.

— அப்ப அது வேணவே வேணாம்.

— என்ன பேச்சு பேசுற சுந்தரம்? நம்ம மகன் இருக்கிறதே பின்னறையில. லோகேசுக்கு எட்டாத சாமானுக்கு எதுக்கு சல்லி?

— அதத்தான் நானும் சொல்றேன். அவனுக்கு எட்டக்கூடாது.

— இருங்க, இருங்க ரெண்டு பேரும். தேத்தண்ணி வரச் சொல்றேன். குடிச்சிட்டு சண்ட போடுங்க.

— இவருக்குச் சீனி போடவேணாம் நானா. டொக்டரு தொடாதன்னுட்டாரு, இவரு கேக்குறாரா? நேத்துத்தான் ரெண்டு கிலோ வாங்கியாந்து போத்தல் வாய் வரைக்கும் ரொப்பி வச்சிருக்காரு.

— ஆமா, சீனி தின்னுதான் நான் கெட்டேன். நீ பேச்ச மாத்தாத.

— தம்பி இன்னம் வெளிய வாறதில்லையா தங்கச்சி? முந்தியெல்லாம் என் கம்ப்யூட்டர் பழுதானா இந்த ஸ்டூல்ல குந்திக்கிட்டு, சிரிச்சு சிரிச்சு திருத்திக் குடுத்துட்டுப் போற புள்ள.

— தையில விட்டாங்க. இப்ப ஆவணி. வடக்குல சண்டையும் முடிஞ்சு மூனு மாசமாச்சு. கொழும்புல லொட்ஜுல வச்சு பொலிசு சந்தேகத்துல புடிச்சிட்டுப் போயி, பதினாறு மாசம் உள்ள வச்சிருந்து, உன் மேல ஒன்னும் இல்ல, போன்னு அனுப்பிட்டாங்க. வந்து அந்த ரூமுக்குள்ள பூந்தவன்தான். குளிக்கப் போறதோட சரி. சாப்பாட்டத் தட்டுல போட்டு கதவடியில வைக்கிறேன் நானா. அங்க எப்பிடி வாங்கித் தின்னானோ அதே மாதிரி.

— புள்ள பட்டது போதும்னுதான் நான் சொல்றேன் முதலாளி. அவன் இஷ்டத்துக்கு இருக்கட்டுமே. கம்ப்யூட்டர்ல கொழும்பு ஆபீசுக்கு வேல செஞ்சு குடுக்குறான், ஒருத்தரோட வம்புமில்ல தும்புமில்ல.

— அங்க அவனுங்க பூட்டுனாங்க. இங்க வெளிய இருந்து யாருமே பூட்டல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

— இப்ப லைன் எங்க இரிக்கி?

— டெலிபோன் வயரு அவன் மேசைக்கே போகுது. அதுதான் வினை. அத முன் விறாந்தைக்கு மாத்தப் போறேன். இந்தப் பொட்டிய அங்கன வைக்கப் போறேன். சிக்னல் ஹோலுக்கு வரட்டும், குசினிக்கு வரட்டும், பின்னறைக் கதவுகிட்ட வந்து செத்துப் போகணும். லெப்டொப்பத் தூக்கிக்கிட்டு அவன் வெளிய வந்துதானே ஆகணும்?

— குசினிக்கு எதுக்கு தங்கச்சி?

— நான் அடுப்படியிலதானே நானா நிக்கிறேன்.

— தீனி காட்டி மரத்துல இருந்து கோழி எறக்குற மாதிரி இருக்கு இவ கத.

— கோழியாவது எறங்குது.

— கோவிச்சுக்கிட்டு இருக்கிற வேலையையும் விட்டுட்டான்னா?

— கோவிக்கட்டும். கத்தட்டும். அவன் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு?

— சரி, இந்தா. வெள்ளையா சின்னதா ஒன்னு, கொம்பே இல்ல. ஒரு சுவரு தாண்டும், ரெண்டாவது சுவருல படுத்துரும். வாங்கிட்டுப் போனவங்கள்ல பாதிப் பேரு திருப்பிக் கொண்டாந்து எனக்கு ஏசிட்டுப் போனாங்க.

— அதையே கட்டுங்க.

— கொம்பில்லாததும் ஒரு வகைக்கு நல்லதுதான் முதலாளி. மூனு கொம்போட ஆமி செக்பொயின்ட்ல பையத் தொறந்து காட்ட எனக்கும் தெம்பில்ல.

— ஆனா லைன் மாத்த ஆள் வரணுமே. அதுக்கே ரெண்டு கிழமையாகும்.

— சொல்லி மூனு கிழமையாச்சு நானா. இன்னைக்குப் பத்து மணிக்கு வாறேன்னாங்க.

— இன்னைக்கா? மணி பத்தேமுக்கால் சுந்தரம். வீட்டுல யாரு இருக்கா கதவு தொறக்க?

— லோகேஸ் இருக்கான்.

— பாவி. அதுக்குத்தான் என்னையும் இழுத்துக்கிட்டு வந்தியா? யாராவது கதவத் தட்டினாலே அந்தப் புள்ளைக்கு ஒடம்பு நடுங்குதுன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். காலையில கதவுகிட்ட நின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். ஏணியோட ஒருத்தர் வருவாரு, பேரு பொன்னையா, நம்ம ஆளுதான், பயப்படாதன்னு.

— என்ன சொன்னான்?

— உள்ள நாற்காலி நகர்ந்த சத்தம்தான் கேட்டுச்சு.

— தங்கச்சி, உங்க போன் அடிக்குது.

— வீட்டு நம்பரு.

— எடு சுந்தரம். என்னாச்சோ, எடு.

— ஹலோ... லோகேசா? ஆமாய்யா, அம்மாதான். பொன்னையா வந்துட்டாரா? லைன் சரியான்னு பேசிப் பாக்கச் சொன்னாரா? கேக்குது ராசா, நல்லா கேக்குது. எங்கன நின்னு பேசுற?... விறாந்தையிலயா.

— முதலாளி, விறாந்தையிலயாம்.

— கேட்டுச்சு அண்ணே. நீங்க குந்துங்க.

— என்ன சாமி? அவருக்குத் தேத்தண்ணி ஊத்தப் போறியா? தேயிலை எடுத்துட்டியா... சீனி போத்தலக் காணோமா?

— கோப்பைக்குப் பின்னுக்கு இருக்குன்னு சொல்லு சுந்தரம். நான்தானே வச்சேன்.

— சீனி சுத்தமா முடிஞ்சிருச்சுய்யா. சந்திக் கடைக்குப் போயி அரக்கிலோ வாங்கிட்டு வா.