ரப்பர் மரம் அறுத்த ரம்பம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், சாக்கில் சுற்றிய இரண்டாள் ரம்பத்தை மடிமேல் குறுக்கே கிடத்தி, மச்சான்மார் இருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து ரம்பம் அறுக்கல மச்சான், மரத்துக்கு முதுகு சொறிஞ்சு விட்டுச்சு,” என்றார் குட்டையானவர்.

“அரம் போட்டுப் பல்லெல்லாம் தீட்டினோமே?”

“தீட்டி என்ன? அறுத்தது ரப்பர் மரமில்ல? பால் வடிஞ்சு பல்லிடுக்குல இறுகிப்போச்சு. காலையில உன் தங்கச்சி மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ச்சா. தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு.”

“அப்ப நான் சரியா இழுக்கலன்னு கங்காணிகிட்ட வேற ஆள் கேட்டியாமே?”

“கேட்டேன். ‘உன் மச்சானும் இப்பத்தான் அதையே கேட்டுட்டுப் போறான்’னாரு.”

ரம்பம் குலுங்கக் குலுங்க இருவரும் சிரித்தார்கள்.