துறை விளக்கு எரிந்தது

மேடையில் இருக்கும் தலைவர் திருஞானசம்பந்தம் அவர்களே! கலியாணசுந்தரம் அண்ணனுக்காகக் கூடியிருக்கும் பெரியோரே, தாய்மாரே!

அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்தாரே, அந்த வருஷம். போன தடவை இல்லை, அதற்கு முந்தினது. ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. கார்த்திகையில் நம் ஏரி கடல் மாதிரி கிடந்தது. அக்கரைக்கு அப்போது ரோடு ஏது? படகுதான். இருட்டினால் படகுக்குத் துறையைக் காட்டியது எது? கரைமேல் நிற்கும் விளக்குத் தூண்! அதை ஏற்றியவர் யார்? நம் துறைக்காவலர் கலியாணசுந்தரம்!

தீபத்தன்று அந்தியில் படகு வந்துக்கினு இருந்தது. வழி தப்பி மதகுக் கல்லில் மோதிக் கவிழ்ந்தது. படகோட்டி காசிநாதன் போனான், அவனோடு மூணு பேர். "விளக்கு ஏத்தாம எங்கடா போன?" என்று ஊரே அண்ணன் சட்டையைப் பிடித்தது. தூணின் விளக்குக் கூண்டைப் பூட்டினார்கள். அவர் வேலையும் போயிற்று.

விளக்கு எரிந்ததய்யா! கீழே ஏணியைப் பிடித்துக்கினு இருந்தவன் நான். யார் கேட்டார்கள்? "கூட்டாளிக்கு நீ வேற எப்படிப் பேசுவ?" என்றார்கள்.

அன்றைக்கு மதகடிக் கோயிலில் சொக்கப்பனை கொளுத்தியிருந்தார்கள். பனை உயரத்துக்கு நெருப்பு! காசிநாதன் அதைத் துறை விளக்கென்று நினைத்துப் படகைத் திருப்பிவிட்டான். தண்ணீரிலிருந்து அண்ணன் தூக்கிவந்த அவன் மகள், சின்னப் பிள்ளை, நடுங்கிக்கினே சொன்னது: "அப்பா நெருப்பப் பாத்து ஓட்டினாரு மாமா."

அண்ணன் அந்த வாயைப் பொத்தினார். "இத யார்கிட்டயும் சொல்லாதம்மா." பிறகு என்னிடம், "அப்பன் மூணு பேர சாவடிச்சான்னு ஊரு சொன்னா, இந்தப் பொண்ணு இங்க எப்படிப்பா வாழும்? என்னத் திட்டட்டும், எனக்குத் தோல் தடிப்பு" என்று சொல்லி, வாய் திறக்கமாட்டேன் என்று என்னிடமும் வாக்கு வாங்கினார். சாகும்வரை திட்டு வாங்கினாரே! எப்பேர்ப்பட்ட மனுஷன்!

தலைவரே, படகில் போனவர்கள் நினைவாக நாளைக்குத் தூணில் பதிக்கப்போகும் கல் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்டேன். "காவலர் விளக்கேற்றத் தவறியதால்" என்று வெட்டியிருக்கிறதாம். ஊர் வாய் ஒருநாள் ஓயும். கல் ஓயுமா?

தூணுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். வருகிற தீபத்துக்கு மறுபடி ஏற்றுவோம். கண்ணாடியைத் துடைக்க என் கை இருக்கிறது. ஆனால் அந்த வரியோடு அந்தக் கல் ஏறாது. நான் குறுக்கே படுப்பேன்!

சாட்சி கேட்கிறீர்களா? படகிலிருந்து பிழைத்தவர்களில் முனிசாமி போய்விட்டார். மணியம்மாள் போன தையில் போய்விட்டாள். மிச்சம் ஒரே ஆள். அண்ணா, உனக்குக் கொடுத்த வாக்கை நான் இந்த மேடையில் உடைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை உடைப்பதா வேண்டாமா, அதை அவள்தான் சொல்லவேண்டும். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, இன்னும் நகராமல் நிற்கிறாள்.

காசிநாதன் மகள் கமலாட்சி.