வெள்ளைத் தூள் வந்த காலை

இந்த அறையிலிருந்து அவசரத்துக்கு வெளியேற எந்தப் பக்கம் வழி என்று உங்களுக்குத் தெரியுமா, ஐயா? பரவாயில்லை, பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. நான் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன், உறவினர் வீட்டு விசேஷத்தில்கூட. என் மனைவிக்கு இதில் கொஞ்சம் வெட்கம்.

பதினோரு வருடமாக அந்த நாலு மாடி அலுவலகத்துக்கு நான்தான் பாதுகாப்பு அலுவலர். தீ, வெள்ளம் எல்லாவற்றுக்கும் நடைமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் உயிரைக் கொடுத்து எழுதியது ஒன்பதாவது அத்தியாயம்: தபாலில் கிருமித் தூள் வந்தால் என்ன செய்வது. உறையைக் கீழே வை. தட்டாதே, முகராதே. ஏசியை நிறுத்து. கதவைச் சாத்து. உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். மீட்புக் குழு வரும்வரை யாரும் திறக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி வைப்பேன். டீயும் பிஸ்கெட்டும் உண்டு என்றால் இருபது பேர் வருவார்கள். டீ தீர்ந்ததும் நாற்காலிகளுக்குத்தான் பாடம் நடத்துவேன். எனக்குக் 'கிருமி சார்' என்று பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை.

கடைசிவரை உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் தபால் பிரிக்கும் பெண் ஒருத்திதான். என் தங்கை வயது. "அண்ணா, ஏசி முதல்லயா, கதவு முதல்லயா?" என்று கேட்பாள். அப்படி ஒரு கேள்விக்கு நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா?

நாலு மாதத்துக்கு முன் மேலாளர் கூப்பிட்டார். "பதினோரு வருஷத்துல ஒரு கிருமியாவது எட்டிப் பார்த்துச்சா, கிருமி சார்? உங்க பிரிவைத் தோட்டப் பராமரிப்போட சேர்த்துடலாம்னு இருக்கோம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வராத ஒன்றை எப்படி நம்புவார்கள்?

ஆகவே வரவழைத்தேன்.

சாதாரண சாக்பீஸ்தான், ஐயா. பள்ளியில் வேலை பார்க்கும் என் மகளின் மேசையிலிருந்து இரண்டு எடுத்து, நுணுக்கி, துணியில் சலித்து, உறையில் போட்டு, மேலாளர் பெயரை எழுதி, பிரிக்க வேண்டிய தபால்களோடு சேர்த்தேன். ஒரு தும்மலுக்கு மேல் யாருக்கும் எதுவும் வராது என்றுதான் நினைத்தேன். எந்த நாள் என்பதைத்தான் யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். வேறு யார் பிரித்தாலும் தூளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். முறைப்படி செய்யக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் தனியாக வேலை பார்க்கும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்தேன்.

என் நம்பிக்கை வீண்போகவில்லை. உறையை வைத்தாள், ஏசியை நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள், எனக்குப் போன் செய்தாள். குரல் நடுங்கியது, வரிசை மாறவில்லை. அபாயச் சங்கை ஊதினேன். நாலு மாடியும் காலியாகி, வண்டி நிறுத்துமிடத்தில் மாடிவாரியாக அணி வகுத்து நின்றது. மேலாளர் வேர்த்து விறுவிறுத்து, "சார், நான் எங்க நிக்கணும்?" என்று என்னைக் கேட்டார். வெறும் 'சார்'. அந்த நிமிடத்தை நான் மறைக்க விரும்பவில்லை, மனம் குளிர்ந்துதான் போனது.

தபால் அறை வாசலுக்குத் திரும்பியபோது அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவாம், தூசி ஆகாதாம். எனக்குத் தெரியாது. கதவுக் கண்ணாடியில் தட்டினாள். "அண்ணா... என் பை. அதுல மருந்து இருக்கு. எடுத்துக் குடுங்க."

பை வெளியே அலமாரியில் இருந்தது. தபால் அறைக்குள் கைப்பை கூடாது என்பது விதி. என் கைக்கு எட்டும் தூரம்.

யோசித்தேன், ஐயா. யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வெளியே முந்நூறு பேர் நிற்கிறார்கள். உள்ளே இருப்பது சாக்பீஸ் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நானே கதவைத் திறந்துவிட்டால் ஒன்பதாவது அத்தியாயத்தை அப்புறம் எவன் மதிப்பான்? "பதறாதம்மா. மெதுவா மூச்சு விடு. குழு வாசலுக்கு வந்துட்டாங்க. இப்ப திறந்தா எல்லாருக்கும் ஆபத்து" என்றேன். அவள் தலையாட்டினாள்.

குழு அலுவலக வாசலுக்கு வந்திருந்தது உண்மைதான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி நிறுத்திவைத்திருந்தான். உடல் முழுக்க மூடிய உடை, தடித்த கையுறை. பேனாவைப் பிடிக்கவே அவர்களுக்கு நேரமாயிற்று. அவர்கள் கதவை அடைந்தபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. நடைமுறை முப்பது வரை அனுமதிக்கிறது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது, பிரிவுக்கு இரண்டு உதவியாளர்களும் வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நேற்று விசாரணை அறிக்கை வெளியானது. 'பணியாளர் பதற்றத்தில் விதிகளைப் பின்பற்றத் தவறியதே மரணத்துக்குக் காரணம்' என்று எழுதியிருக்கிறார்கள். அவள் கணவர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அவ அப்படிப்பட்டவ இல்லையே சார். நீங்க சொல்லிக் குடுத்ததை வீட்டுல எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாளே" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வரியைத் திருத்தத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவள் எதையும் மீறவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது, நினைத்தால் திறந்திருக்கலாமே என்பார்கள். கடைசியில் ஒரே ஒருமுறை கைப்பிடியைத் திருப்பினாள்தான். அதை அவள்மேல் குற்றமாக எழுத வேண்டாம். வெளியிலிருந்து நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். கதவு திறக்கவே இல்லை, ஐயா. ஆகவே விதி மீறப்படவில்லை.