வேலை நாளில் விடைபெறும் ஆசானுக்கு

கடைக்கோடி அறையின் காவலரே! கணக்கில் கவிழ்ந்த பிள்ளைகளைக் கரைசேர்த்த கனிவாளரே! "இது தேறாது" என்று ஊரே கைகழுவிய பிள்ளையை உட்காரவைத்து, உருப்படவைத்து, உத்தியோகத்துக்கு அனுப்பிய உழைப்பாளரே! முப்பத்தோர் ஆண்டு எங்களோடு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தொழில்வழிகாட்டி ஆசிரியர் ஐயா அவர்களே, வணக்கம்!

பத்தாம் வகுப்பில் இருமுறை தவறியவர், வேண்டாவெறுப்பாகப் பள்ளிக்கு வருபவர், வாயைத் திறந்தால் வம்பு என்று பெயரெடுத்தவர் அனைவரையும் நாங்கள் தங்கள் அறைக்கே அனுப்பினோம். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை அது. அந்த இரைச்சலிலும் தாங்கள் ஒரு பிள்ளையிடமும் குரலை உயர்த்தியதில்லை. பலகையை அறுக்கவைத்துப் பின்னக் கணக்கைப் புரியவைத்தீர்கள். ஓடாத மின்விசிறியைப் பற்றிப் புகார் எழுதவைத்துக் கடிதம் எழுதக் கற்பித்தீர்கள். பிள்ளைகள் எல்லாரும் தேறிவிட்டார்கள். அந்த மின்விசிறி மட்டும் இன்றுவரை தேறவில்லை.

நேர்காணலுக்குத் தாங்கள் பழக்கிய விதமே தனி! மேலாளர் நாற்காலியில் மாணவியை அமர்த்திவிட்டு, தாங்கள் வெளியே போய்க் கதவைத் தட்டுவீர்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, தலையைச் சொறிந்தபடி உள்ளே வருவீர்கள். "என்ன வேலை தெரியும்?" என்று அவள் கேட்டால், "எது குடுத்தாலும் செய்வேங்க" என்று இழுப்பீர்கள். "அப்படிச் சொன்னா எதுவுமே தெரியாதுன்னு அர்த்தம் சார். போயிட்டு ஒழுங்கா வாங்க" என்று அவள் விரட்டுவாள். தங்களை நாள்தோறும் வேலையில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள்தாம் வெளியே போய் வேலை பெற்றார்கள்.

வேலை கிடைத்தவர் எவரும் தங்களைத் தேடித் திரும்பி வந்ததில்லை. தாங்களே அப்படிச் சட்டம் போட்டிருந்தீர்கள். "கல்யாணம் காட்சின்னு லீவு கேக்காதே. என்னைப் பார்க்கணும்னுகூடக் கேக்காதே" என்று சொல்லித்தான் ஒவ்வொருவரையும் வழியனுப்பினீர்கள். அவர்களுக்கு ஓய்வான நாளிலோ பள்ளிக்குப் பூட்டு.

தங்கள் துணைவியார் மறைந்தபின், மணியடித்து வளாகம் காலியானாலும் தாங்கள் அறையை விட்டு எழுவதில்லை. "வீட்டுக்குக் கிளம்பலையா சார்?" என்று எங்கள் காவலாளி ஒருநாள் கேட்டார். "அங்க போய் யார்கிட்டப் பேசப் போறேன்?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். காவலாளி அதை எங்களிடம் வந்து சொன்னார்.

அதனால்தான் இவ்விழாவுக்குத் தங்கள் பழைய மாணவர்களை வரவழைக்க ஆசைப்பட்டு, முன்வரிசை முழுவதையும் ஒதுக்கிவைத்தோம். இன்று வேலை நாள் என்பதை மறந்துவிட்டோம்! லிஃப்ட் பழுதுபார்க்கும் தம்பி தொலைபேசியிலேயே பதறிப்போனார். "லீவு போட்டுட்டு வந்து நின்னா, சார் என் முகத்துலயே முழிக்க மாட்டாரு" என்றார். அழைத்த அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு சொல்பேச்சுக் கேட்குமா என்பது ஐயமே. ஆகவே முன்வரிசை காலியாக இருக்கிறது. மாலையும் கழுத்துமாகத் தாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிந்தும், வேறு ஆட்களைக் கொண்டு அதை நிரப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

ஐயா! அந்தச் சட்டம் அவர்களுக்குத்தான். நாளை முதல் தங்களுக்கு வேலை நாள் என்று ஒன்று இல்லை. அவர்களால் வர இயலாது; தங்களால் போக இயலும். மருந்துக்கடையில் பணிபுரியும் தங்கள் மாணவி எங்களிடம் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறோம். "அவரை வரச் சொல்லுங்க சார். எனக்கு ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். இங்க நானும் தனியாத்தான் சாப்பிடுறேன்."

நோயின்றி, நோவின்றி, நூறாண்டு கடந்தும் நலமாக நடமாடுங்கள்! நாளை மதியம் மட்டும் தயவுசெய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்!

என்றும் தங்கள் அன்பை மறவாத
பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்